நைட்டிப் பையில் போன மாத்திரைகள்

ஜனவரி 6

தென்காசியில் அறை கிடைத்துவிட்டது. மாடியில் ஒற்றை அறை, ஒரு ஜன்னல், குளியலறை வாளிக்குக் கைப்பிடி இல்லை. மருதங்குளத்துக்கு இங்கிருந்து பேருந்தில் முப்பத்தைந்து நிமிடம். மூன்று மாதம் இப்படித்தான்.

எங்கள் நிறுவனம் கைகொடுக்கும் பதினான்கு தொண்டு அமைப்புகளில் மருதங்குளத்தில் இருப்பதுதான் ஆகச் சிறியது. வேலை பார்ப்பவர்கள் இரண்டே பேர். பீடி சுற்றும் பெண்களில் காசநோய் உள்ளவர்களைக் கண்டுபிடித்து, ஆறு மாதச் சிகிச்சையை நடுவில் விடாமல் முடிக்க வைக்கிறார்கள். மார்ச்சோடு எங்கள் உதவி முடிகிறது. தொடரலாமா என்று நான் இருந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

கிளம்பும்போது இயக்குநர் பத்மநாபன் சார் சொன்னார்: "வசுந்தரா, எண்கள் மட்டும் போதாது. முகங்கள் வேணும். குணமானவங்க படம், அவங்க கதை. போன தடவை நீங்க கொண்டுவந்த மாதிரி."

கேமராவை எடுத்து வரவில்லை. பை ஏற்கெனவே கனம்.

ஜனவரி 7

முதல் பார்வையில் ஏமாற்றம்தான். மருத்துவமனை மாதிரி ஒன்றை எதிர்பார்த்திருந்தேன். இருப்பது ஓலைக் கொட்டகை. மூன்று பக்கம் திறப்பு, ஒரு பக்கம் பூட்டு போட்ட சின்ன அறை. கொட்டகைக்குள் இருபத்துச் சொச்சம் பெண்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார்கள். காற்று வரும் ஓரத்தில் பாதிப்பேர் கத்தரியால் இலை மட்டும் வெட்டுகிறார்கள். நடுவில் ரேடியோ.

நடத்துபவர் உலகம்மாள். கிராம சுகாதார செவிலியராக முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லாருக்கும் நர்சம்மா. குட்டையான உருவம், காதோரம் மட்டும் நரை, பேசும்போது நம் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்க்கிறார். நகத்தின் நிறத்தைப் பார்க்கிறாராம். பழக்கம் விடவில்லை.

மருந்துப் பதிவேட்டைக் கேட்டேன். கொடுத்தார். ஒரு பெயர்கூட இல்லை. 'நீலப்புள்ளி', 'மாம்பழ மஞ்சள்', 'பெரிய கட்டம்' என்று எழுதியிருக்கிறது.

"இது என்னம்மா?"

"பேரு ஆஸ்பத்திரி ஏட்டுல இருக்கு. மாத்திர அங்கருந்துதான் வருது. இங்கன எதுக்கு?" என்றார்.

குறிப்பு எடுத்துக்கொண்டேன்: ஆவணங்கள் முறைப்படி இல்லை.

ஜனவரி 9

இரண்டாவது ஊழியர் பாத்திமா. முழுப்பெயர் செய்யதலி பாத்திமா. முப்பத்தைந்து வயதிருக்கும், ஓட்டமும் நடையுமாகவே இருக்கிறார். காலை பதினோரு மணிக்குத் தோளில் பெரிய பையோடு வெளியே போனவர் மூன்று மணிக்குத்தான் திரும்பினார். பையில் என்ன என்று கேட்டேன். "நைட்டிக்கா. ஒங்களுக்கு ஒண்ணு வேணுமா? பருத்தி, சாயம் போகாது" என்றார்.

எழுதினேன்: ஊழியர் பணி நேரத்தில் சொந்த வியாபாரம் செய்கிறார்.

சலவைக்காரர் என் சாம்பல் நிற ரவிக்கையைத் தொலைத்துவிட்டார்.

ஜனவரி 12

இன்று பாத்திமாவோடு போனேன். கண்காணிக்கத்தான் போனேன், ஒத்துக்கொள்கிறேன்.

ஒன்பது வீடு. எல்லா வீட்டிலும் நைட்டிகளைப் பிரித்துப் போடுகிறார். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடுகிறார்கள். பேரம், சிரிப்பு. ஐந்து வீட்டில் அவ்வளவுதான். மற்ற நான்கில், "அளவு சரியா இருக்கான்னு உள்ள போய்ப் போட்டுப் பாருளா" என்று வீட்டுப் பெண்ணிடம் ஒரு நைட்டியைக் கொடுத்து அனுப்புகிறார். அந்த நைட்டியின் மடிப்புக்குள் ஒரு வாரத்துக்கான மாத்திரை. பெண் உள்ளே போய் அன்றைய மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மீதியை ஒளித்து வைத்துவிட்டு, "தொளதொளன்னு இருக்கு" என்று நைட்டியைத் திருப்பித் தருகிறாள். அவள் முகத்தைப் பார்த்தே வாந்தி வருகிறதா, சாப்பிடுகிறாளா என்று பாத்திமா கணக்குப் போட்டுவிடுகிறார்.

நோய் கண்ட முதல் மாதம் வீட்டுக்கே மாத்திரை போகிறது. தொற்றும் காலம் தாண்டியபின் கொட்டகைக்கு வந்து இலை வெட்டும் ஓரத்தில் உட்காரலாம். தூள் படாத வேலை அது. நோயே இல்லாதவர்களும் அங்கே உட்கார்ந்து வெட்டுவதால், யார் மாத்திரைக்கு வந்தவள், யார் சும்மா வந்தவள் என்று யாருக்கும் தெரியாது.

திரும்பி வரும்போது பாத்திமாவிடம் கேட்டேன், இது யார் யோசனை என்று.

"நர்சம்மாதான். மொதல்ல ஆஸ்பத்திரி போர்டு போட்டு நடத்துனாவ. ஒரு வருசம் ஒருத்தியும் வரல. ஒரு புள்ள வந்துச்சு, பாத்துட்டாங்கன்னு பாதியில நின்னுட்டு. அது செத்துப் போச்சுக்கா. மறுநா அந்த போர்ட அவியளே கழட்டிட்டாவ."

ஒன்பதாம் தேதிக் குறிப்பை அடித்துவிட்டேன். ஏழாம் தேதிக் குறிப்பையும்; ஏட்டில் இருக்கும் நீலப்புள்ளியும் பெரிய கட்டமும் அவரவர் நைட்டியின் துணி.

ஜனவரி 16

பொங்கல் விடுமுறை. வீட்டுக்காரம்மா தேங்காய்ப்பால் சொதி கொடுத்தனுப்பினார். துணி துவைத்தேன். பத்மநாபன் சார் வாழ்த்து அனுப்பியிருந்தார், கூடவே: "படங்கள்?"

ஜனவரி 20

மாரிக்கனி ஒன்பது நாளாக மாத்திரை சாப்பிடவில்லை.

இருபத்து மூன்று வயது. கல்யாணமாகி ஒன்றரை வருடம். கணவன் கேரளாவில் ஓட்டல் வேலை. நவம்பரில் மாத்திரை ஆரம்பித்து, இரண்டு மாதத்தில் இருமல் நின்று, கன்னம் கொஞ்சம் தேறி, கொட்டகைக்கு வந்துகொண்டிருந்தவள். பொங்கலுக்குக் கணவன் வந்தான். அதிலிருந்து காணோம்.

பாத்திமாவும் நானும் பையோடு போனோம். நான் சென்னையிலிருந்து புதுச்சரக்கு கொண்டுவந்த ஆள் என்று ஏற்பாடு. வாசலிலேயே மாமியார் வேலம்மாள் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். வற்றலான உடம்பு, விரல்கள் மட்டும் இயந்திரம் மாதிரி.

"இப்பத்தானளா பொங்கலுக்கு எடுத்தாச்சு. இனி எதுக்கு?" என்றார்.

"பாத்துட்டு வேண்டாம்னு சொல்லுங்க பெரிம்மா. பாக்கதுக்குக் காசா?" என்று பாத்திமா கடை விரித்தார். மாரிக்கனி அடுக்களை வாசலில் நின்றாள். எங்களைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது.

என்னிடம் ஒரு நைட்டி தரப்பட்டிருந்தது. நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, அதை மாரிக்கனியிடம் கொடுப்பது. கோப்பை நீட்டுவது போல இரண்டு கையாலும் நீட்டினேன். பதினெட்டு வருடமாகத் திட்ட அறிக்கை எழுதுகிற கை.

"போட்டுப் பாரும்மா" என்றேன்.

அவள் வாங்கவில்லை. அடுக்களைக்குள் போனாள். பின்னாலேயே போனேன். தாழ்ந்த குரலில், "எனக்குத்தான் சொகமாயிட்டே. அவுஹ இருக்கும்போது எப்படிப் போடுவேன்? இந்த மாத்திரையால ஒண்ணுக்குப் போனா ஆரஞ்சுக் கலரா வருது. பாத்துட்டு என்னன்னு கேட்டாவ. பீட்ரூட்டுன்னேன். இனி என்ன சொல்லட்டும்?" என்றாள். "தெரிஞ்சா எங்க அத்த என்னய அம்மா வீட்டுக்கு அனுப்பிருவாவ. திரும்பக் கூப்பிட மாட்டாவ."

நர்சம்மா சொல்லிக் கொடுத்தபடி சொன்னேன்: பாதியில் விட்டால் திரும்ப வரும், அப்போது இந்த மாத்திரை கேட்காது. அவள் நைட்டியை வாங்கிக்கொண்டாள். என் எதிரிலேயே மாத்திரையை விழுங்கினாள். கண்ணில் தண்ணீர்.

வெளியே வேலம்மாள் இருமிக்கொண்டிருந்தார். சேலைத் தலைப்பை வாயில் வைத்து, சத்தம் வராமல் இருமினார்.

பேருந்து நிறுத்தத்தில் பாத்திமா பையை இறக்கி வைத்தார். பிறகு, "கேட்டியளாக்கா? மருமவளுக்கு எங்கருந்து வந்துச்சுன்னு இப்பத் தெரியுதா?" என்றார்.

ஜனவரி 21

நர்சம்மாவிடம் சொன்னோம். வேலம்மாளை நேரே அழைத்துப் பரிசோதித்தால் மருமகள் விஷயம் வெளியே வரும். அழைக்காமல் விட்டால் அந்த வீட்டில் இன்னும் இரண்டு பேருக்குப் பரவும். "விட முடியாது" என்று மட்டும் சொன்னார் நர்சம்மா. ஒரு கட்டு இலையை வெட்டி முடித்தார். பிறகு எழுந்து போய்த் தொலைபேசியில் யாரையோ பிடித்தார்.

பிப்ரவரி 3

அரசின் நடமாடும் எக்ஸ்ரே வண்டி மருதங்குளத்துக்கு வந்தது. ஒரு வீட்டுக்காக மூன்று தெரு முழுவதையும் படம் எடுத்தார்கள். இந்த வண்டிக்காக நர்சம்மா பதின்மூன்று நாளில் நாலு தடவை திருநெல்வேலி போய் வந்ததை நான் அறிவேன். தெருவில் சொல்லப்பட்டது: பீடித்தூள் சோதனை, எல்லாரும் வரணும். பஞ்சாயத்துத் தலைவர் முதல் ஆளாய் நின்றார். நானும் நின்றேன்.

வேலம்மாள் வர மறுத்தார். நர்சம்மா அவர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து, தட்டை வாங்கி, "நீ போயிட்டு வா, நான் சுத்துதேன்" என்றார். திரும்பி வந்து வேலம்மாள் பார்த்தபோது நாற்பது பீடி சுற்றியிருந்தது. ஒன்றுகூடத் தேறாது என்று வேலம்மாள் பிரித்துப் போட்டாராம்.

பிப்ரவரி 11

வேலம்மாளுக்கு உறுதியாகிவிட்டது. சளியிலும் இருக்கிறது. இளைய மகளுக்கு ஒன்றுமில்லை. கேரளாவில் இருக்கும் மகனையும் சோதிக்கச் சொல்லி அங்கே தெரிந்த செவிலியர் ஒருவருக்கு நர்சம்மா பேசியிருக்கிறார்.

வேலம்மாள் அறைக்குள் வந்து, கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தியது நான்தான்; நர்சம்மா என்னை 'நம்ம ஆளுதான்' என்றார்.

"நர்சம்மா, சின்னவளுக்கு மாப்பிள பாத்துட்டு இருக்கேன். சங்கரன்கோவில் பக்கம். வெளிய தெரிஞ்சா முடிஞ்சு. முக்கியமா எங்க மருமவளுக்குத் தெரியக் கூடாது. சின்னப் புள்ள, பயந்துருவா. பயந்து அம்மா வீட்டுக்குப் போயிட்டான்னா எம்மவன் பொழப்பு என்னாகும்?"

"தெரியாது" என்றார் நர்சம்மா.

ஜன்னல் வழியே பார்த்தேன். மாரிக்கனி இலை வெட்டிக்கொண்டிருந்தாள்.

வேலம்மாள் போன அரை மணியில் மாரிக்கனி வந்தாள். "எங்க அத்த எதுக்கு வந்தாவ? என்னயப் பத்திச் சொல்லிரலல்லா?"

"தலைவலின்னு வந்தா. மாத்திர குடுத்தேன்."

"தெரியக் கூடாது நர்சம்மா."

"தெரியாது" என்றார் மறுபடி, அதே குரலில்.

பதிவேட்டில் புதிய வரி: 'மயில் கழுத்து'.

பிப்ரவரி 15

"படங்கள் எப்போது? ஆண்டறிக்கை அச்சுக்குப் போகிறது." பத்மநாபன் சார். கொட்டகையில் வெளிச்சம் சரியில்லை என்று பதில் போட்டேன். மூன்று பக்கமும் திறந்த கொட்டகை.

பிப்ரவரி 24

நர்சம்மா கேட்டார்: "ஏன் வசுந்தரா, ஒங்க ஆபீஸ்ல இருந்து வாரவுக எல்லாரும் மொத நாளே படம் பிடிப்பாவ. நான் வேண்டாம்னு சண்ட போடுவேன். நீங்க கேமராவே கொண்டு வரல. நானும் ரெண்டு மாசமாப் பாக்கேன்."

"கனமா இருந்ததும்மா" என்றேன்.

அவர் என் நகத்தைப் பார்த்தார்.

சொல்லிவிட்டேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன், ஒரு முறை. இரண்டு வருடம் முன்பு அரியலூர்ப் பக்கம் அஞ்சலாட்சி என்று ஒரு பெண். காசநோய் முற்றாகக் குணமாகிச் சிரித்துக்கொண்டு நின்றாள். நான்தான் எடுத்தேன். நல்ல படம். அவள் கையெழுத்துப் போட்டுத்தான் கொடுத்தாள், எங்கள் படிவத்தில் எல்லாம் சரியாக இருந்தது. ஆண்டறிக்கையின் அட்டையில் வந்தது. அந்தப் படத்தைப் பெரிதாக்கி ஒரு விழாவில் வைத்தார்கள். விழா நடந்தது அவள் கணவன் ஊரில். மறுவாரம் அவளை வீட்டை விட்டு அனுப்பிவிட்டார்கள், கைக்குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு. அவள் தங்கை எனக்குத் தொலைபேசியில் சொன்னாள். வருந்துகிறேன் என்றேன். போய்ப் பார்க்கவில்லை. அந்த ஆண்டு எனக்குப் பதவி உயர்வு வந்தது.

நர்சம்மா என்னைத் திட்டவில்லை, தேற்றவும் இல்லை. "அந்தப் படம் இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டார்.

எங்கள் அலுவலக வரவேற்பறைச் சுவரில் இருக்கிறது. இணையதளத்தில் இருக்கிறது.

"மொதல்ல அத எறக்குங்க" என்றார்.

பிப்ரவரி 25

தங்கையின் எண்ணுக்கு அழைத்தேன். அஞ்சலாட்சி இப்போது திருப்பூரில் வேலை செய்கிறாள். குழந்தை இன்னும் கணவன் வீட்டில்தான். "அக்கா உங்ககிட்ட பேசாதுங்க" என்றாள் தங்கை. பிறகு, "ஆனா எடுத்துடுங்க, அதை மட்டும் செய்யுங்க" என்றாள்.

பத்மநாபன் சாருக்கு எழுதினேன். காரணத்தோடு, என் பெயரோடு. மருதங்குளத்திலிருந்து ஒரு படமும் வராது என்பதையும் சேர்த்து எழுதினேன். அனுப்பும் முன் ஏழு தடவை படித்தேன்.

மார்ச் 4

பதில்: "படத்தை எடுத்துவிட்டோம். எனக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். இருபத்தாறாம் தேதி மருதங்குளத்துக்கு நானே வருகிறேன். முகமே இல்லாத வேலைக்கு அறக்கட்டளைக் குழுவை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை."

நியாயமான மனிதர். அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 13

வேலம்மாளுக்குத் தொற்றும் காலம் தாண்டிவிட்டது, சளிச் சோதனை சுத்தம். இன்று முதல் கொட்டகைக்கு வருகிறார். "வீட்ல தனியா சுத்த போரடிக்கி" என்று சொல்லிக்கொண்டு இலை வெட்டும் ஓரத்தில், மருமகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். நர்சம்மா மருமகளுக்குத் திங்கட்கிழமையும் மாமியாருக்கு வியாழக்கிழமையும் மாத்திரை தருகிறார். பாத்திமா என்னைப் பார்த்து, சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

மார்ச் 26

காலையில் நான்கு இட்லி எடுத்து வைத்தேன், ஒன்று உள்ளே போனது.

பத்மநாபன் சார் பத்தரைக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கொட்டகைக்குள் வந்ததே எனக்குப் பிடித்தது. இருபத்தாறு பெண்கள் இருந்தார்கள். யாரும் கையை நிறுத்தவில்லை. ஒரு நாற்காலி போட்டோம்.

அவர் நேராகவே கேட்டார். "நீங்க நல்ல வேலை செய்றீங்கன்னு வசுந்தரா எழுதியிருக்காங்க. நம்புறேன். ஆனா குழுவில எல்லாரும் கேப்பாங்க. நோயாளி பேரு இல்லை, படம் இல்லை. நான் எதைக் காட்டுறது?"

நர்சம்மா கத்தரியைக் கீழே வைத்தார். "இந்தக் கூட்டத்துல பதினோரு பேருக்கு அந்தச் சீக்கு இருந்துச்சு. சில பேருக்கு முடிஞ்சுட்டு, சில பேரு இன்னும் மாத்திர சாப்பிடுதாவ. யாரு யாருன்னு நீங்க சொல்லுங்க சார்."

"நானா?"

"நல்லாப் பாருங்க. அவசரமில்ல."

அவர் பார்த்தார். நிஜமாகவே பார்த்தார். ஒவ்வொரு முகமாக. பெண்களும் அவரைப் பார்க்கவிட்டார்கள். யாரோ ரேடியோவின் ஒலியைக் குறைத்தார்கள். கத்தரிச் சத்தம் மட்டும். கடைசியில் அவர் கண் வேலம்மாளிடம் நின்றது, கூட்டத்திலேயே அவர்தான் வற்றலான உடம்பு.

"உங்களுக்கு இருந்துச்சாம்மா?" என்றார் மெதுவாக.



வேலம்மாள் இலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்கா? எங்க வீட்ல ஒருத்தருக்கும் அப்படியெல்லாம் கெடையாது சார். இந்தா இருக்காளே எம்மருமவ, இவளுக்குக் காய்ச்சல் தலைவலின்னு ஒரு நாளு வந்ததில்ல."

மாரிக்கனி சொன்னாள்: "ஆமா சார். எங்க அத்தைக்குத் தும்மல்கூட வராது."

இருவரும் அடுத்த இலையை எடுத்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். பாத்திமா பையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டார்.

பத்மநாபன் சார் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தினார். "கண்டுபிடிக்க முடியலம்மா" என்றார்.

"யாராலயும் முடியாது" என்றார் நர்சம்மா. "இந்த ஊர்ல ஏழு வருசத்துல ஒருத்தியும் பாதியில விட்டுச் சாகல. ஆஸ்பத்திரி ஏட்டப் போய்ப் பாருங்க, எண்ணிக்க அங்க இருக்கு. அவியளும் என்னய நம்பித்தான் பேர எங்கிட்ட குடுக்காவ. அதுக்கு மேல காட்ட எங்கிட்ட ஒண்ணும் கெடையாது."

வண்டியில் ஏறும்போது அவர் என்னிடம் சொன்னார்: "நான் பார்த்ததை அப்படியே குழுவில சொல்றேன். என்ன ஆகும்னு வாக்கு கொடுக்க முடியாது."

ஏப்ரல் 5

அறையைக் காலி செய்தேன். முடிவு இன்னும் வரவில்லை. பாத்திமா ஒரு நைட்டி கொடுத்தார். காசு வாங்கவில்லை. "மடிப்புக்குள்ள ஒண்ணுமில்ல, தைரியமாப் போடுங்க" என்றார்.

ஏப்ரல் 22

சென்னை. குழு கூடியது. நான் உள்ளே இல்லை. மூன்று வருடம் கேட்டிருந்தோம், இரண்டு வருடம் தந்திருக்கிறார்கள். உறுப்பினர்களில் ஒருவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லையாம். பத்மநாபன் சார் இன்னொன்றும் சொன்னார்: இனி நாங்கள் உதவும் எந்த அமைப்பிடமும் நோயாளி படம் கேட்கப்போவதில்லை.

நர்சம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "சரி. வைக்கட்டா? ஒரு புள்ளைக்கு வாந்தி" என்று வைத்துவிட்டார்.

மே 29

ஒப்பந்தத் தாளில் கையெழுத்து வாங்க ஒரு நாள் பயணமாக மருதங்குளம் வந்தேன். நல்ல வெயில். கொட்டகைக்குள் மட்டும் காற்று.

மாரிக்கனிக்குச் சிகிச்சை முடிந்துவிட்டதாம். விட்டுப்போன நாட்களையும் சேர்த்துப் போன வாரம் கடைசி மாத்திரை. சோதனை எல்லாம் சுத்தம். ஆனால் அவள் வழக்கமான இடத்திலேயே உட்கார்ந்து இலை வெட்டிக்கொண்டிருந்தாள். வேலம்மாள் பீடிக்கடைக்குப் போயிருந்தார்.

"உனக்குத்தான் முடிஞ்சுதே, இனி வீட்டிலேயே பீடி சுத்தலாமே, கூலியும் கூடக் கிடைக்கும்" என்றேன்.

அவள் சுற்றிலும் பார்த்துவிட்டு என் பக்கம் சாய்ந்தாள்.

"எங்க அத்தைக்கு இன்னும் ரெண்டரை மாசம் இருக்குல்லா. நான் நின்னுட்டா அவிய எதச் சாக்கு வச்சு இங்கன வருவாவ? மருமவளுக்குத் தொணைக்குப் போறேன்னுதான் தெருவுல சொல்லிட்டு வாராவ."

குரலைத் தாழ்த்தினேன். "உனக்குத் தெரியுமா?"

"ஒரு கக்கூசுதானக்கா எங்க வீட்ல. அந்தக் கலரு எனக்குத் தெரியாதா?" என்றாள். "எனக்குத் தெரியும்னு அவியளுக்குத் தெரியாது. நீங்க சொல்லிராதிய."

நர்சம்மா கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை காத்திருந்து கேட்டேன்: "அப்ப வேலம்மாளுக்கும் மருமகளைப் பத்தித் தெரிஞ்சிருக்குமோ?"

அவர் பேனாவை மூடினார். "எங்கிட்ட யாரு என்ன கேட்டாலும் தெரியாதுன்னுதான் சொல்லுவேன். ஒங்களுக்கும் அதான்."

நாலு மணிக்கு வேலம்மாள் திரும்பி வந்தார். உள்ளே வராமல் வெயிலில் சாலையோரமாக நின்று, "ஏட்டி, வாரியா? கொழாயில தண்ணி நின்னுரும்" என்றார். மாரிக்கனி இலையை உதறிவிட்டு எழுந்தாள். மாமியார் தலையிலிருந்த மூட்டையை அவள் கேட்டாள், அவர் தரவில்லை. பிறகு இறக்கி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.